திண்ணையும் ஒரு சாட்சி

பழைய ஊரில் பிறந்தவர்க்கு ஒரு பேறு உண்டு. ஒரு சுமையும் உண்டு. தாம் நடக்கும் தெருவில் தமக்கு முன்னே பல தலைமுறையினர் நடந்தனர் என்னும் நினைவு பேறு. அவர்கள் அத்தெருவில் யாரை நடக்கவிட்டனர், யாரை ஒதுங்கி நிற்கச் செய்தனர் என்னும் கேள்வி சுமை. பேற்றை நாம் மகிழ்வுடன் ஏற்றுக்கொள்கிறோம். சுமையைப் பெரும்பாலும் வழியோரச் சுமைதாங்கியில் இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விடுகிறோம். அந்தச் சுமையைப் பற்றியே இங்குச் சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

நம் கோட்டாற்றையே எடுத்துக்கொள்வோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் நிலநூல் அறிஞர் 'கொட்டியாரா' என்று குறித்த ஊர் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முதலாம் குலோத்துங்க சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் கோட்டாற்றை வென்று அங்கே நிலைப்படை நிறுத்தியதைப் பேசுகிறது. வணிகர் வந்த ஊர்; படைகள் வந்த ஊர்; 1544ஆம் ஆண்டில் இக்கடற்கரை நெடுக நடந்து திருமுழுக்கு அளித்த புனித பிரான்சிசு சவேரியார் தங்கிய ஊர் என மரபு போற்றும் ஊர். 1930-இல் அது மறைமாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. டிசம்பர்த் திருவிழா நாள்களில் சவேரியார் கோயிலை நோக்கி நகரும் கூட்டத்தில் கலந்து நடக்கும்போது, நாம் தனி மனிதர் அல்லர், நீண்ட வரிசை ஒன்றில் இடையில் நிற்பவர் என்னும் உணர்வு தானே எழும்.

கோட்டாற்றைச் சுற்றியுள்ள ஊர்களும் அத்தகையனவே. நாகராஜா கோயிலின் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் அமர்ந்திருக்கின்றன. வழிபாடு மாறியது, ஆயினும் பின் வந்தவர்கள் முன் இருந்தவர்களின் முகத்தைச் சுரண்டி அழித்துவிடவில்லை. புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டையினுள், கூரை இழந்த சிற்றாலயம் ஒன்றில் டிலனாய் துயில்கிறார். டச்சுப் படையினராய் வந்து, 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் வென்ற மன்னருக்கே தளபதியானவர் அவர். 1777-இல் இறந்த அவருடைய கல்லறைக் கல்லில் இலத்தீனும் தமிழும் அடுத்தடுத்து நிற்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனையோ, 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் கேரள அரசின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. எல்லைக்கோடு மாறியதால் நினைவின் பொறுப்பும் மாறிவிட வேண்டியதில்லை என்பதற்கு அஃது ஒரு நல்ல சான்று.

இவற்றை எல்லாம் வெளியூர் நண்பர்க்குக் காட்டிப் பெருமை பேசும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் பெருமை பேசும் அதே நாவால், ஒரு பழைய கட்டடத்தை இடிக்கச் சொன்ன குற்றமும் நமக்கு உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்வது முறை.

2008ஆம் ஆண்டில் எங்கள் சிற்றூரின் பழைய கோயிலை இடித்துப் புதிய கோயில் கட்டுவது பற்றிப் பங்கு மக்கள் கூடினர். ஓட்டுக்கூரை பல இடங்களில் ஒழுகியது. உத்திரங்களைக் கரையான் அரித்திருந்தது. ஞாயிறு திருப்பலிக்குப் பாதிப் பேர் வெளியே வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் பணம் அனுப்ப முன்வந்தனர். "இடிக்கலாம் என்போர் கை தூக்குக" என்றபோது நாமும் கை தூக்கினோம். அது தவறு என்று இன்றும் சொல்ல இயலவில்லை. கோயில் மக்களுக்காகவே, மக்கள் கோயிலுக்காக அல்லர். எனினும், இடிப்பு நடந்த நாளன்று நாம் அப்பக்கம் போகவில்லை. உறவினர் வீட்டுக்கு வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டோம்.

அதன்பின் பல ஆண்டுகள் அப்பழைய கோயிலை நினைத்து ஏங்கினோம். சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி. மெழுகுதிரிப் புகை படிந்து கறுத்த பீடத்துத் தூண்கள். மாலை செபமாலையின்போது உத்திரத்திலிருந்து கீச்சிடும் வௌவால். மார்கழிக் குளிரில் வெறுங்காலுக்குச் சுடச்சுட இருப்பதுபோல் தோன்றிய செங்கல் தளம். இவற்றோடு கோயிலின் வடபுறச் சுவரை ஒட்டி நீண்டு கிடந்த ஒரு திண்ணை. ஞான உபதேச வகுப்பு முடிந்ததும் நாங்கள் ஓடி விளையாடிய இடம் அது. முன்னும் பின்னும் நீண்ட கருங்கற்கள் பாவி, இடையே சாந்து பூசியது. நடுப்பகுதி பலர் அமர்ந்து அமர்ந்து வழுவழுப்பாகியிருந்தது. அதில் சறுக்கி விளையாடி எத்தனையோ கால்சட்டைகளைக் கிழித்திருக்கிறோம். அந்த வழுவழுப்பு எவ்வாறு வந்தது என்று அந்நாளில் நாம் கேட்டதில்லை. பிள்ளைகளாகிய நம் விளையாட்டால் வந்தது என்றே எண்ணியிருந்தோம்.

2022 மே 15 அன்று உரோமையில் மறைசாட்சி தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்கு நன்றியாக எங்கள் பங்கிலும் திருப்பலி நடந்தது. தேவசகாயத்தின் வாழ்வை நாம் எல்லாரும் அறிவோம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர். பத்மநாபபுரத்தில் நீலகண்டசுவாமி கோயிலிலும் அரசுப் பணியிலும் பொறுப்பு வகித்தவர். மேற்சொன்ன டிலனாயின் நட்பால் கிறித்துவை அறிந்தவர். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். 1749-இல் கைதாகி, மூன்று ஆண்டுகள் துன்புற்று, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தவர். அவர் உடல் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. தம் குலத்தவர் தீண்டத் தகாதவர் என்று ஒதுக்கியவர்களோடு அவர் கலந்து பழகினார், உண்டார் என்பதைப் பங்குத்தந்தை மறையுரையில் அழுத்திச் சொன்னார்.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, எண்பத்தைந்து வயதைக் கடந்த பெரியவர் ஒருவரின் அருகில் அமர்ந்தோம். பேச்சு பழைய கோயிலின் பக்கம் திரும்பியது. அதை இடித்ததில் நமக்குள்ள வருத்தத்தைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு அமைதியாகச் சொன்னார்: "சாரே, ஒங்களுக்கு அது கோயில். எங்களுக்கு அது திண்ணை."

நமக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். அவருடைய சிறு வயதில், அவர் குடும்பத்தாரும் அவர் தெருவினரும் அந்த வடபுறத் திண்ணையில் அமர்ந்தே பூசை காண வேண்டும். பக்கத்து வாசல் வழியாகப் பீடம் பாதி தெரியும். உள்ளே இருந்தவர் அனைவரும் நற்கருணை வாங்கியபின் குரு அந்த வாசலுக்கு வருவார். மழை நாளில் சாரல் அடிக்கும். எழுந்து உள்ளே போகக்கூடாது. அவர் தம் முதல் நற்கருணையைப் பெற்றதும் அந்த வாசற்படியில்தான். அவருடைய இளமையிலேயே அவ்வழக்கம் ஒழிந்துபோயிற்று. நாம் சறுக்கி விளையாடிய காலத்தில் அத்திண்ணை வெறும் திண்ணையாகிவிட்டது. யாரும் நம்மிடம் எதையும் சொல்லவில்லை.

"அப்போது, இடித்தது உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்குமே?" என்று கேட்டோம். அவர் தலையசைத்து மறுத்தார். "மொதல்ல அப்பிடித்தான் இருந்து. இப்ப அப்பிடி இல்ல. திண்ண கெடந்தா, இன்னா பாரு மக்கா, இதிலதான் ஒன் பாட்டன் இருந்தான்னு சொல்லலாம். இப்ப நான் சொன்னா எம் பேரனே நம்ப மாட்டான்."

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று பேசுவோர் பெரும்பாலும் அழகை முன்னிட்டும் பெருமையை முன்னிட்டும் பேசுகிறோம். இடிக்க வேண்டும் என்போர் தேவையை முன்னிட்டும் வசதியை முன்னிட்டும் பேசுகிறோம். இவ்விரு சாராரும் எண்ணிப் பாராத ஒன்றை அப்பெரியவர் சொல்லிவிட்டார். மேன்மையாய் வாழ்ந்தவர்க்குச் சான்றுகள் பல உண்டு. செப்பேடு உண்டு, கல்வெட்டு உண்டு, கோயில் கட்டப் பணம் தந்தவர் என்று சுவரில் பதித்த சலவைக்கல் உண்டு. ஒதுக்கப்பட்டவர்க்கு எழுதிய சான்று ஏது? அவர்கள் அமரவைக்கப்பட்ட இடமே அவர்களுடைய ஒரே ஆவணம். அதையும் பெயர்த்துவிட்டால், அவர்கள் பட்டது வெறும் பேச்சாகிவிடும். பேச்சு ஒரு தலைமுறைக்குப்பின் ஐயமாகிவிடும். ஐயம் அடுத்த தலைமுறையில் "அப்படியெல்லாம் நம் ஊரில் நடந்ததே இல்லை" என்னும் பெருமையாகிவிடும். ஆகவே நாம் ஏங்கிய அழகுக்காக அல்ல, நாம் அறியாதிருந்த உண்மைக்காகவே அந்தத் திண்ணை நின்றிருக்க வேண்டும்.

அப்படியானால் அநீதியின் அடையாளம் எதையுமே இடிக்கக்கூடாதா? அன்று. நம் அண்டையிலேயே இரண்டு பாடங்கள் உள்ளன.

முதலாவது சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமை வேண்டி 1926-இலும் 1930-இலும் அறப்போர் நிகழ்ந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அங்கே கல் எதுவும் பெயர்க்கப்படவில்லை. கதவு மட்டுமே திறந்தது. அதே கோபுரம், அதே தெரு. நடப்பவர் மட்டும் புதியவர். விலக்கப்பட்ட இடத்திலேயே உரிமையோடு நடப்பதைவிடத் தெளிவான நீதி வேறென்ன?

இரண்டாவது வடக்கன்குளம். இது நமக்கு இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நாம். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 127 ஆண்டுகளுக்குப்பின், 1872-இல் திருக்குடும்ப ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு இரண்டு நடுக்கூடங்கள், நடுவே சுவர். உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதிய வேளாளர் முதலியோர் ஒரு கூடத்தில்; நாடார் முதலியோர் மறு கூடத்தில். இரண்டும் விரிந்த கால்கள்போல் பிரிந்து, ஒரே பீடத்தில் வந்து சேரும். ஒருவர் மற்றவரைக் காணாமலேயே ஒரே திருப்பலியில் பங்கேற்கலாம்! கால்சட்டைபோல் இருப்பதால் அதற்கு அப்படியே ஒரு பெயரும் வழங்கியது. ஒரே அப்பத்தைப் பகிர்வதற்கென்றே ஏற்பட்ட வழிபாட்டுக்கு, பகிராமலே பகிரும் வழியைக் கட்டடக் கலையால் கண்டுபிடித்தார்கள் என்றால், மனித மனத்தின் சூழ்ச்சித் திறனை என்னென்பது! 1910-இல் அருள்தந்தை கௌசானல் அந்த இடைச்சுவரை இடிக்கச் செய்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. ஆலயத்துக்குள் சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமை இல்லை என 1916-இல் தீர்ப்பாயிற்று.

அச்சுவரை இடித்தது சரியே. யூதரையும் பிற இனத்தாரையும் பிரித்து நின்ற சுவரைக் கிறித்து தம் உடலால் தகர்த்தார் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதியதை நம்புவோர், தம் கோயிலுக்குள் சுவரை எவ்வாறு விட்டுவைக்க முடியும்? ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவர் போயிற்று, இரு கால்களாய்ப் பிரிந்த கட்டட அமைப்புப் போகவில்லை. உள்ளே நுழையும் எவரும், "ஏன் இப்படிக் கட்டினார்கள்?" என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்தக் கேள்வி பிறக்கும்வரை, நடந்ததை யாரும் மறுக்க முடியாது.

இவ்விரண்டையும் வைத்து ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இன்றும் ஒருவரைத் தடுத்து நிறுத்தும் சுவர் எதுவாயினும் இடிக்கப்பட வேண்டும். அங்கே தயக்கத்துக்கு இடமில்லை. தடுக்கும் ஆற்றலை இழந்து, தடுத்த கதையை மட்டும் சுமந்து நிற்கும் கல்லோ காக்கப்பட வேண்டும். முன்னது அநீதி; பின்னது அநீதியின் சாட்சி. அநீதியையும் அதன் சாட்சியையும் ஒன்றெனக் கொண்டு இரண்டையும் ஒரே கடப்பாரையால் பெயர்ப்பது, குற்றத்தை ஒழிப்பதாக எண்ணிக்கொண்டு குற்றவாளிக்கு உதவுவதாகும்.

சவேரியார் நம் கரையோடு நின்றுவிடவில்லை. 1549-இல் அவர் சப்பானை அடைந்தார். அங்கு அவர் விதைத்த விசுவாசம் கொடிய துன்புறுத்தலைத் தாங்கி, நாகசாகி நகரின் உரகாமிப் பகுதியில் மறைந்து வாழ்ந்தது. விசுவாசிகளைப் பிடித்து, திருவுருவங்களைக் காலால் மிதிக்கச் செய்த ஊர்த்தலைவரின் வீடு இருந்த நிலத்தையே அவர்களின் வழித்தோன்றல்கள் விலைக்கு வாங்கி, அங்கே பேராலயம் எழுப்பினர். தம் முன்னோர் இழிவுபட்ட இடத்தையே வழிபாட்டிடமாகத் தேர்ந்தெடுத்த அந்த மனத்திண்மை வணங்கத்தக்கது. 1945 ஆகஸ்டு 9 அன்று விழுந்த அணுகுண்டு அப்பேராலயத்தைச் சிதைத்தது. எஞ்சிய சுவர்களைச் சாட்சியாகக் காக்க வேண்டும் என்று பலர் விரும்பினர். ஆயினும் 1958-இல் அவை அகற்றப்பட்டு, அடுத்த ஆண்டு அதே இடத்தில் புதிய பேராலயம் எழுந்தது. சிதைவின் ஒரு துண்டு மட்டும் குண்டு வெடித்த இடத்தருகே கொண்டுபோய் நிறுத்தப்பட்டது. இரோசிமாவிலோ சிதைந்த குவிமாடக் கட்டடம் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டு, 1996-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. வழிபட இடம் வேண்டும் என்று நாகசாகி மக்கள் எண்ணியதைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. நாமும் அதே காரணத்துக்காகக் கை தூக்கியவரே. ஆனால் இரு நகரங்களுள் எது உலகின் மனச்சான்றை இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது என்று கேட்டால், கண்முன் வந்து நிற்பது அந்தக் குவிமாடமே.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. "ஆறிப்போன புண்ணை ஏன் கிளற வேண்டும்? இன்று எல்லாரும் ஒரே கூரையின்கீழ் முழந்தாளிடுகிறோம். திண்ணையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் மனத்தில் பழைய கசப்பு மீண்டும் முளைக்காதா? மன்னிப்பது என்பது மறப்பது அன்றோ?" என்று நல்லவர்களே கேட்கிறார்கள்.

இதற்கு நம் விசுவாசமே விடை தருகிறது. ஒப்புரவு அருளடையாளத்தில் நாம் என்ன செய்கிறோம்? முதலில் ஆன்ம சோதனை, பிறகு மனத்துயர், பிறகு பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடல். அதன்பின்பே மன்னிப்பு. "பழையதை எதற்குச் சொல்ல வேண்டும், சுவாமி? நேராக மன்னிப்பைத் தாருங்கள்" என்று எவரும் கேட்பதில்லை. தனி மனிதருக்கு உரிய இந்த முறை ஓர் ஊருக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா? மேலும், மறந்துவிடும் உரிமை புண்படுத்தியவருக்கு உரியதன்று. புண்பட்டவர் தாமாக மறந்தால் அது பெருந்தன்மை. புண்படுத்தியவர் மறந்தால் அது தப்பித்தல்.

அனைத்தினும் மேலாக, உயிர்த்த ஆண்டவரை நினைப்போம். சாவை வென்ற அவ்வுடலில் ஆணித் தழும்புகளுக்கு என்ன தேவை? அவற்றைத் துடைத்து அகற்ற இறைவனால் ஆகாதா? ஆயினும் அவை இருந்தன. ஐயுற்ற தோமாவுக்கு அவற்றையே ஆண்டவர் காட்டினார். தழும்புகள் வலிக்கவில்லை, பழி கேட்கவுமில்லை, நடந்தது உண்மை என்று மட்டுமே சொல்லின. மாட்சியிலும் தழும்பு உண்டு என்பதே நம் விசுவாசம். அப்படியிருக்க, தழும்பே இல்லாத வழவழப்பான பளிங்குக் கோயிலைக் கட்டிவிட்டு அதை உயிர்ப்பின் அடையாளம் என்று சொல்வது எவ்வாறு?

புனித தேவசகாயத்தின் பெயரையொட்டியும் இதே கேள்வி எழுந்தது. அவருடைய பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த சாதிப் பட்டம், புனிதர் பட்டத்துக்குமுன் திருச்சபையால் நீக்கப்பட்டது. மிகச் சரியான முடிவு. அவர் எதைத் துறந்தாரோ அதை நாம் அவர்மேல் போர்த்தக்கூடாது. ஆனால் அவர் அதைத் துறந்தார் என்பதை நாம் மறந்துவிடவும் கூடாது. தமக்குக் கிடைத்த உயர்வை அவர் விட்டெறிந்தார் என்பதை அறியாதவருக்கு, அவருடைய வீரத்தின் பாதி விளங்காது. பட்டம் பெயரிலிருந்து போக வேண்டும், வரலாற்றிலிருந்து போகக்கூடாது. கோட்டாற்றுப் பேராலயத்தில் அவர் கல்லறைமுன் முழந்தாளிடும்போதெல்லாம், இறைவாக்கினரின் கல்லறைகளை அழகுபடுத்திக்கொண்டே அவர்களைக் கொன்றோரின் வழியில் நடந்தவர்களை ஆண்டவர் எவ்வளவு கடிந்துகொண்டார் என்பது நம் நினைவுக்கு வருகிறது. கல்லறையை மலரால் மூடுவது எளிது. அங்கே துயில்பவர் யாரோடு உணவுண்டாரோ, அவர்களின் பேரர் நம் வீட்டுப் பந்தியில் எங்கே அமர்கிறார்கள் என்று பார்ப்பது கடினம்.

பழைய கோயில்களை இனி இடிக்கவே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் முதியோரை நனையவிடுவது பக்தியன்று. ஆனால் கடப்பாரையைத் தொடுமுன் சில செயல்களைச் செய்யலாம். கட்டடத்தை உள்ளும் புறமும் படமெடுத்து, அளந்து, வரைந்து வைக்கலாம். ஊரில் வயது முதிர்ந்தவர்களை, அதிலும் கோயிலின் ஓரங்களில் அமர்ந்தவர்களைத் தேடிச் சென்று, "நீங்கள் எங்கே இருந்து பூசை கண்டீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளலாம். பங்கு வரலாற்று மலரில் நன்கொடையாளர் பட்டியலோடு அந்தப் பக்கத்தையும் சேர்க்கலாம். பழைய கட்டடத்தின் ஒரு பகுதியையாவது, அதுவும் அழகான பகுதியை அல்ல, உண்மையான பகுதியை, புதியதன் அருகே நிறுத்தலாம். இசுரயேல் மக்கள் யோர்தானைக் கடந்தபின், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரு கற்களை எடுத்து நாட்டினர். பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து அவற்றின் பொருள் என்னவென்று கேட்க வேண்டும் என்பதே நோக்கம். கல்லின் வேலை விடை சொல்வதன்று. பிள்ளையைக் கேட்கத் தூண்டுவது.

நம் ஊரில் இவற்றுள் எதையும் நாம் செய்யவில்லை. காலம் கடந்தபின் ஒன்றைச் செய்ய முயன்றோம். அப்பெரியவரோடு பேசிய சில வாரங்களில், பங்குத்தந்தை இல்லத்தின் பின்புறக் கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டிருந்த நீண்ட கருங்கல் ஒன்று கண்ணில் பட்டது. அதன் ஒரு பக்கம் வழுவழுப்பாயிருந்தது. பெரியவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். "இதேதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் கல்லைப் புதிய கோயிலின் வடபுற வாசலருகே வைக்க வேண்டும். முற்காலத்தில் நம்மவருள் சிலர் இதன்மேல் அமர்ந்தே பூசை காண வைக்கப்பட்டனர், அதற்காக வருந்துகிறோம் என்று இரு வரிகள் பொறிக்க வேண்டும் எனப் பங்குப் பேரவைக்கு எழுதினோம். நீண்ட விவாதம் நடந்தது. முடிவில், கல்லை வைக்கலாம், எழுத்து வேண்டாம் என்றனர். கல் வைக்கப்பட்டது. வருவோர் போவோர் அதில் அமர்ந்து செருப்பு மாட்டிக்கொள்கின்றனர்.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது நாம் எதிர்பார்த்த வருத்தம் அவரிடம் இல்லை. "எழுத்து இல்லேண்ணா என்ன சாரே? பேரன் கேட்டா நான் சொல்லுவேன்" என்றார். உண்மைதான், அவர் இருக்கும்வரை அவர் சொல்லுவார். அவருக்குப்பின் சொல்ல வேண்டியவர், அன்று உள்ளே அமர்ந்திருந்தோரின் பிள்ளைகளாகிய நாம். அந்தக் கல்லில் பொறிக்க முடியாமற்போன இரு வரிகளுக்கு ஈடாக இதை எழுதி வைக்கிறோம்.